மருந்து கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பலாமா?



காலை ஏழரை மணிக்குப் பிள்ளையின் நெற்றி சுடுகிறது. உம்மா பாரசிட்டமால் சிரப் கொடுக்கிறார். எட்டரைக்குச் சூடு தணிகிறது, வேனும் வந்துவிடுகிறது. பகல் பன்னிரண்டுக்கு டீச்சரிடமிருந்து போன்: "பிள்ளைக்கு அனலாகக் கொதிக்கிறது, வந்து கூட்டிப் போங்கள்."

பாரசிட்டமால் சூட்டைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. நாலைந்து மணி நேரத்தில் அதன் வேகம் அடங்கியதும் காய்ச்சல் திரும்பும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கும் தொற்றியிருக்கும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் அது காய்ச்சல். மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். இரவு பத்து மணிக்கு மருந்து கொடுத்துவிட்டு, காலையில் "விட்டுடுச்சு" என்பது இந்தக் கணக்கில் சேராது.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் சொல்லாமல் பாரசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை வேண்டாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று ஒரு முழுநாள் கழியட்டும். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கி ஐந்து நாள், தட்டம்மைக்குத் தடிப்பு வந்து நான்கு நாள் வீட்டில் இருக்க வேண்டும். காய்ச்சலில்லாத லேசான சளி, தலையில் பேன், இவற்றுக்கெல்லாம் லீவு தேவையில்லை. (பரீட்சையன்று மட்டும் வரும் வயிற்றுவலியை உம்மாமார்களே அறிவார்கள்.)

சின்னம்மை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொற்றத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். முழுக்கைச் சட்டையால் மறைத்தாலும் பயனில்லை; மூச்சுக்காற்றிலும் பரவும். இதுவரை அம்மை வராத கர்ப்பிணிக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சென்ற ஆண்டு நம் மக்தபுக்கு ஒரு பையன் அப்படித்தான் முழுக்கைச் சட்டையில் வந்தான். அடுத்த மூன்று வாரத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அம்மை. அதில் ஒரு வீட்டில் உம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. அல்லாஹ்வின் கிருபையால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அல்லாஹ் நாடினால்தானே வரும்" என்று சிலர் சொல்கிறார்கள். நோயுள்ள ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு சேர்க்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃகிலிருந்தே திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள்.

அந்தப் பையனின் உம்மாவிடம் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "லீவு போட்டா டிரஸ்டு உதவி நின்னுடும்னு பயந்து ஸ்கூலுக்கு அனுப்பினேன் பாய். ஸ்கூலுக்குப் போற பிள்ளையை ஓதப் போகாதேன்னு எப்படிச் சொல்ல?" என்றார். 90 சதவீத வருகை இருந்தால்தான் கல்வி உதவி என்ற விதியை எழுதியவன் நான்தான். நோய் லீவு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நிர்வாகக் குழு அந்த விதியைத் திருத்திவிட்டது. இந்த ஆண்டு முதல் நோய்க்காகப் போட்ட லீவு வருகைக் கணக்கில் குறையாது. வாப்பாவோ உம்மாவோ கையெழுத்திட்ட லீவு லெட்டரின் நகல் போதும். டாக்டர் சர்டிபிகேட் கேட்க மாட்டோம். மக்தபுக்கும் இதே விதிதான். விடுபட்ட பாடத்தை அஸருக்குப் பின் தனியாக ஓதிக் கொடுப்பதாக ஹஜ்ரத் ஒப்புக்கொண்டிருக்கிறார்.