விளம்பரப் பணியைப் பிறரிடம் ஒப்படைக்கலாமா?

விளைவிக்கத் தெரிந்த அளவிற்கு விற்கத் தெரிவதில்லை என்னும் குறை நம் கிராமங்களில் நெடுநாளாக இருந்து வருகிறது. முற்காலத்தில் ஒரு பொருள் இருப்பதை ஊரார் அறியத் தண்டோராவும் வாரச் சந்தையும் போதுமானவையாக இருந்தன. இன்று சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது. வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவற்றில் படத்தைப் பார்த்து, சென்னையிலும் கோவையிலும் இருப்போர் நம் பொருளை வாங்க முன்வருகின்றனர். இது நல்வாய்ப்பே. ஆயினும், இப்பணியை நாமே செய்வதா, கூலி கொடுத்துப் பிறரிடம் ஒப்படைப்பதா என்ற கேள்வி எழுகிறது.

தியாகதுருகம் வட்டாரத்தில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று அண்மையில் ஓர் ஒப்பந்தத் தாளுடன் நம்மிடம் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து சாமையும் தேனும் வாங்கிச் சுத்தம் செய்து பொட்டலமிட்டு விற்கும் குழு அது. நகரத்து விளம்பர நிறுவனம் ஒன்று, மாதந்தோறும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு எல்லா விளம்பரத்தையும் தானே கவனிப்பதாகச் சொல்லியிருந்தது. முதல் தவணையைக் குழுவின் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். “கையெழுத்திடலாமா?” என்று கேட்டனர். அவர்களுக்கு நாம் சொன்னது பிற குழுக்களுக்கும் பயன்படலாம் என்பதால் ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் கணக்கு

எந்தச் செலவையும் அதனால் வரும் மிகுதி இலாபத்தோடு ஒப்பிட வேண்டும்; மொத்த விற்பனைத் தொகையோடு அன்று. விளம்பரக் கட்டணம் மாதம் ரூ.8,000 என்றும், ஒரு கிலோ சாமைப் பொட்டலத்தில் எல்லாச் செலவும் போக ரூ.20 நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கட்டணத்தை ஈடுசெய்ய மட்டுமே மாதம் 400 கிலோ கூடுதலாக விற்றாக வேண்டும். குழுவினால் கூடுதலாக 300 கிலோதான் தயாரிக்க இயலுமெனில், அவ்வளவும் விற்றாலும் கிடைப்பது ரூ.6,000. மாதம் ரூ.2,000 நட்டம், ஆண்டுக்கு ரூ.24,000. விளம்பரம் முழு வெற்றி பெற்றாலும் நட்டமே என்பதை நோக்குக! இக்கணக்கைப் போடாமல் கையெழுத்திடுவது, கிணற்றில் நீர் எவ்வளவு என்று பாராமல் கரும்பு நடுவதற்கு ஒப்பாகும்.

கைவினைப் பொருளின் கணக்கு வேறு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு தெய்வச் சிலைக்கோ வேலைப்பாடுள்ள கதவிற்கோ கிடைக்கும் இலாபம் பல மூட்டைத் தானியத்தின் இலாபத்திற்குச் சமமாகலாம். வாங்குவோர் தொலைவில் இருப்பர். நல்ல புகைப்படமும், பிறமொழியில் விளக்கமும் வேண்டும். இத்தகைய தொழிலில் தேர்ந்தவர் ஒருவருக்குக் கூலி கொடுப்பது பொருந்தும். ஆகவே எல்லாத் தொழிலுக்கும் ஒரே விடை இல்லை.

இரண்டு முன்மாதிரிகள்

1946-இல் குஜராத்தின் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். அதன் பொருள்களே பின்னர் ‘அமுல்’ என்னும் பெயரில் நாடெங்கும் அறியப்பட்டன. 1966-இல் அமுல் வெண்ணெய் விளம்பரம் பம்பாயிலிருந்த சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. புள்ளிச் சட்டை அணிந்த அமுல் சிறுமி அவ்வாறு பிறந்தவளே. ஓவியர் யூஸ்டேஸ் பெர்னாண்டஸ் அவளை வரைந்தார். சங்கத்தை நடத்திய வர்கீஸ் குரியன், விளம்பரக்காரர்களின் கற்பனைக்கு முழுச் சுதந்திரம் அளித்தார். ஆயினும் பாலின் தரமும், விலையும், ‘அமுல்’ என்ற பெயரின் உரிமையும் உற்பத்தியாளரிடமே இருந்தன. மேலும், வெளியாரை அமர்த்தியபோது சங்கத்திற்கு வயது இருபது. விற்கப் போதிய வெண்ணெய் இருந்தது. கட்டணம் கொடுக்கும் வலிமையும் இருந்தது.

மற்றொரு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உள்ளது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்தினர் 2018-இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் யூடியூப் ஒளிவழியைத் தொடங்கினர். வயல்வெளியில் தாமே சமைத்து, தாமே படம்பிடித்து வெளியிட்டனர். 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் ஒளிவழி என்ற பெருமையை அடைந்தனர். கிராமத்தாரால் இப்பணி ஆகாது என்று சொல்வோர்க்கு இதுவே மறுமொழி. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: அவர்களுக்குப் படம் எடுப்பதே தொழில். நம் குழுவினர்க்கோ சாமை புடைத்த பின்னர் எஞ்சும் நேரமே உண்டு. ஆகவே அவர்களைப் போல் ஒரு கோடிப் பேரைத் தேட வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வாங்கும் இருநூறு குடும்பங்கள் கிடைத்தாலே சிறு குழுவிற்குப் பெரிய பலம்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது?

அறுவடைக்கு இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்துகிறோம். அதற்காக நிலத்தின் பட்டாவை இயந்திரக்காரரிடம் கொடுப்பதில்லை. விளம்பரத்திலும் இந்நெறியே வேண்டும்.

படம் எடுத்தல், பெயர்ச்சீட்டு வரைதல், பிறமொழியில் எழுதுதல், கட்டண விளம்பரத்தைக் கணினியில் ஏற்றுதல் ஆகியவை கைத்தொழில் போன்றவை. இவற்றை வேலைக்கு இவ்வளவு கூலி என்று பேசிக் கொடுக்கலாம். ஆண்டில் இருமுறை நல்ல படங்கள் எடுத்து வைத்துக்கொண்டால் பல மாதங்களுக்குப் போதும்.

வாடிக்கையாளருக்கு மறுமொழி கூறுவதை மட்டும் பிறரிடம் விடலாகாது. “இந்தத் தேன் எந்த ஊர்த் தேன்? ஏன் உறைந்திருக்கிறது?” என்று ஒருவர் கேட்டால், மலைக்குச் சென்று தேன் வாங்கியவரே உண்மை சொல்ல இயலும். வந்த குறைகளைக் கேட்டறிவதும் உற்பத்தியாளரின் கடமை. பொட்டலம் கிழிந்து வந்தது என்ற செய்தி நகரத்து நிறுவனத்தோடு நின்றுவிட்டால், அடுத்த பொட்டலமும் கிழிந்தே போகும்.

கணக்கின் உரிமையையும் விடலாகாது. முகநூல் பக்கம், யூடியூப் ஒளிவழி, வாட்ஸ்அப் எண் ஆகியவை குழுவின் கைபேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் தொடங்கப்பட வேண்டும். வெளியாருக்குப் பணி செய்யும் அனுமதி மட்டும் கொடுத்து, ஒப்பந்தம் முடிந்தவுடன் நீக்கிவிடலாம். அவர்கள் பெயரில் தொடங்கினால், பிரியும் நாளில் வாடிக்கையாளர் அனைவரும் அவர்களோடு போய்விடுவர்.

வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் ஒரு நோட்டில் எழுதப்பட்டிருத்தல் நலம். 2020 ஜூன் மாதத்தில் டிக்டாக் முதலிய 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்தோர் ஒரே இரவில் தம் பார்வையாளரை இழந்தனர். நோட்டுப் புத்தகத்தை எவரும் தடை செய்வதில்லை.

சொல்லுக்குப் பொறுப்பு நம்முடையது

விற்பனையைக் கூட்டும் ஆர்வத்தில், சாமை உண்டால் நீரிழிவு நீங்கும், தேன் உண்டால் இன்ன நோய் தீரும் என்று விளம்பரக்காரர் எழுதிவிடக்கூடும். இது பெருந்தவறு. தவறான விளம்பரத்திற்கு உற்பத்தியாளர்மீது ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. “எழுதியவர் அவர், நாங்கள் அறியோம்” என்பது நம்மைக் காப்பாற்றாது. ஆகவே குழுவின் ஒப்புதலின்றி ஒரு வரியும் வெளியாகலாகாது. உணவுப் பொருளாயின், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் பொட்டலத்தில் இருக்கிறதா என்பதை விளம்பரத்திற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தம் செய்வோர் கவனிக்க

1. முதலில் மூன்று மாதத்திற்கு மட்டும் ஒப்பந்தம் செய்க, ஓராண்டுக்கு வேண்டாம்.
2. கட்டணத்தை மாத முடிவில் கொடுக்க. முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்கலாகாது.
3. நிறுவனத்தின் கூலி எவ்வளவு, விளம்பரத்திற்காக முகநூல் முதலியவற்றிற்குச் செலுத்துவது எவ்வளவு என்பதைத் தனித்தனியே எழுதி வாங்குக.
4. எத்தனை பேர் பார்த்தனர், விரும்பினர் என்ற கணக்கு போதாது. எத்தனை பேர் வாங்கினர், அவர்களில் எத்தனை பேர் மீண்டும் வாங்கினர் என்று கேளுங்கள்.
5. எடுத்த படங்கள் யாவும் குழுவிற்கே உரியவை என்று எழுதிக்கொள்க.
6. வங்கி விவரத்தையும், கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் எவருக்கும் கொடுக்கலாகாது.

ஊராட்சி உறுப்பினர் செய்யக்கூடியது

ஒவ்வொரு குழுவும் தனித்தனியே கட்டணம் செலுத்துவதைவிட, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மூலம் பல குழுக்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். நான்கு குழுக்கள் சேர்ந்தால் ரூ.8,000 என்பது குழுவிற்கு ரூ.2,000 ஆகிறது. அதை ஈடுசெய்ய 400 கிலோவிற்குப் பதில் 100 கிலோ விற்றால் போதும். அப்பணிக்கு, படித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் பெண்ணையோ இளைஞரையோ பயிற்றுவித்து அமர்த்தினால், கூலியும் ஊரில் தங்கும்; அறிவும் ஊரில் தங்கும். மலையூர்களில் கைபேசித் தொடர்பு எங்கும் சீராகக் கிடைப்பதில்லை. ஆதலால் படங்களை அங்கே எடுத்து, தியாகதுருகம் போன்ற ஊரில் அமர்ந்து வெளியிடும் ஏற்பாடும் வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் இதனைப் பேசலாம்.

நம்மிடம் வந்த குழுவினர் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. படம் எடுக்க மட்டும் ஒருவரை ஒரு நாள் கூலிக்கு அமர்த்தினர். குழுவின் உறுப்பினர் ஒருவருடைய மகள் வாட்ஸ்அப் விற்பனைப் பட்டியலைக் கவனித்து வருகிறாள். விற்பனை மெல்லவே வளர்கிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆயினும் சேமிப்பு கரையவில்லை; வாங்குவோரின் பெயர்கள் அவர்களுடைய நோட்டில் இருக்கின்றன. உற்பத்தி பெருகி, ஒருவரின் ஓய்வு நேரத்திற்குள் மறுமொழி கூறி முடியாத நிலை வரும்போது வெளியாரின் உதவியை நாடலாம். அப்போது, கேட்க வேண்டியது இன்னதென்று அறிந்தவர்களாய் அவர்கள் கேட்பர்.

கூலிக்கு ஆள் வைப்பது தவறன்று. ஆனால் வேலை இன்னதென்று அறியாமல் ஆள் வைத்தால் நட்டமே. முதலில் கணக்கு, அடுத்து நாமே சிறிது பழகுதல், பிறகே பிறர் உதவி. இவ்வரிசையைக் கைக்கொள்வோமாயின், உழைத்துப் பெற்ற பயன் உழைத்தவர் வீட்டிலேயே தங்கும்.