செம்பு ஆக்சைடு அடுக்குகளில் காந்த ஒழுங்கும் மின்னேற்ற ஒழுங்கும்

தமிழ்த்துறை மலரில் இயற்பியலுக்கு என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். எழுத்துக்கும் சொல்லுக்கும் ஒழுங்கு தேடும் நாம், எலக்ட்ரான்கள் தமக்குள் வகுத்துக்கொள்ளும் ஒழுங்கையும் சற்றே நோக்குவோம்.

லாந்தனம் செம்பு ஆக்சைடு என்னும் படிகம் அடுக்கடுக்காய் அமைந்தது. செம்பும் ஆக்சிஜனும் சதுரக் கட்டங்களாய்ப் பரவிய தளங்களை லாந்தன ஆக்சைடு அடுக்குகள் பிரித்து நிற்கின்றன. ஒவ்வொரு செம்பு அயனியிலும் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று உண்டு. பட்டைக் கொள்கையின்படி இப்பொருள் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்த வேண்டும், கடத்துவதில்லை. ஒரே செம்பில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்திருக்க அவற்றின் விலக்குவிசை இடந்தராமையால், ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் அவை வாளாவிருப்பதும் இல்லை. ஒன்றன் தற்சுழற்சி மேல்நோக்கினால் அண்டையிலுள்ளது கீழ்நோக்கும். சதுரங்கப் பலகையின் கருப்பு வெள்ளைக் கட்டங்களை ஒத்த இதனை எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு என்பர். ஏறத்தாழ 320 கெல்வினுக்குக் கீழே இது நிலைபெறுகிறது.

1986-ஆம் ஆண்டு, ஜூரிக் நகரையடுத்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸ், முல்லர் ஆகிய இருவரும் லாந்தனத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பேரியத்தைப் புகுத்தி, 30 கெல்வினை ஒட்டி மின்தடை வீழக் கண்டனர். மறு ஆண்டே நோபல் பரிசு அவர்களை அடைந்தது.

பேரியமோ ஸ்ட்ரான்சியமோ புகும்போது செம்புத் தளத்தில் எலக்ட்ரான்கள் குறைந்து 'துளைகள்' உண்டாகின்றன. செம்பு ஒன்றுக்கு 0.02 துளை என்னும் அளவிலேயே நெடுந்தொலைவுக் காந்த ஒழுங்கு குலைகிறது, 0.15 அளவில் மீக்கடத்தல் உச்சம் பெறுகிறது. காந்த ஒழுங்கு மாய்ந்தால் மீக்கடத்தல் பிறக்கும் என முடிவுகட்டத் தோன்றும். அஃது அவசர முடிவென்பது நம் கருத்து.

பேரியம் கலந்த படிகத்தில் துளையளவு எட்டில் ஒன்றை அடையும்போது மீக்கடத்தல் திடீரெனத் தளர்ந்துபோகிறது. 1995-இல் ட்ரான்குவாடா குழுவினர், நியோடிமியமும் ஸ்ட்ரான்சியமும் கலந்த இவ்வினப் படிகமொன்றை நியூட்ரான் சிதறலால் ஆய்ந்து இதற்கு விளக்கம் தந்தனர். துளைகள் நெசவுத் துணியின் கோடுகள்போல, நான்கு செம்பு இடைவெளிக்கு ஒன்றாக வரிசைகட்டி நின்றன. கோடுகளுக்கிடையே பழைய காந்த ஒழுங்கு உயிரோடிருந்தது. ஒவ்வொரு கோட்டையும் கடக்கும்தோறும் அதன் மேல் கீழ் முறை தலைமாறிற்று. ஆகக் காந்த ஒழுங்கு மீள்வது எட்டுச் செம்புக்கு ஒருமுறை.

கோடுகள் உறைந்தால் மீக்கடத்தல் கெடும் என்றே பலரும் கொண்டனர். 2007-இல் வெளியான அளவீடுகள் அதனையும் அசைத்தன. அதே எட்டில் ஒன்று பேரியப் படிகத்தில், 40 கெல்வினை ஒட்டியே தளத்துக்குள் மின்தடை பெரிதும் வீழ்ந்துவிடுகிறது. தளங்களுக்கிடையே மட்டும் தடை நீடிக்கிறது. ஒவ்வொரு தளமும் மீக்கடத்தலுக்கு அணியமாயிருந்தும், அடுத்த தளத்தோடு கைகோக்க இயலவில்லை. ஒரு தளத்தின் கோடுகளுக்கு அடுத்த தளத்தின் கோடுகள் செங்குத்தாக ஓடுவதே இதற்குக் காரணமாகலாம் என்பர்.