குரூப் 4: வேலிக் கணக்கும் டைல்ஸ் கணக்கும்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மார்க். ‘பரப்பு, கொள்ளளவு’ என்று பாடத்திட்டத்திலேயே போட்டிருக்கிறார்கள். சூத்திரம் தெரியாமல் இதில் மார்க்கை விடுகிறவர்கள் குறைவு. கேள்வியை அரைகுறையாகப் படித்து விடுகிறவர்கள்தான் அதிகம்.

வேலி, பார்டர், சுற்றி ஓடுவது என்று வந்தால் சுற்றளவு. டைல்ஸ், பெயின்ட், புல்தரை என்றால் பரப்பளவு. செலவுக் கணக்கில் இன்னும் சுலபம்: ‘மீட்டருக்கு 50 ரூபாய்’ என்றால் சுற்றளவு, ‘சதுர மீட்டருக்கு’ என்றால் பரப்பளவு.

நிறையப் பேர் சறுக்குவது நடைபாதையில்தான். 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள தோட்டம். அதன் வெளிப்புறம் சுற்றிலும் 2 மீட்டர் அகலப் பாதை. பாதையின் பரப்பு என்ன? படம் போடுங்கள். பாதை இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது; ஆகவே நீளத்தில் 4 கூடும், அகலத்திலும் 4 கூடும். 44ஐ 34ஆல் பெருக்கினால் 1,496. அதில் தோட்டத்தின் 1,200 போக 296 சதுர மீட்டர். படம் போடாதவர் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி, 42, 32 என்று பெருக்கி, 144க்கு வந்து சேருவார். அந்த 144 பெரும்பாலும் ஆப்ஷனிலும் இருக்கும். நம் விடை ஆப்ஷனில் இருக்கிறதே என்று மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இதே பாதை தோட்டத்துக்குள்ளே இருந்தால் 36, 26, விடை 264.

வயலின் மூலையில் 14 மீட்டர் கயிற்றில் கட்டிய மாடு வயலுக்குள் மேயும் இடமும் அப்படித்தான். படம் போட்ட உடனே கால் வட்டம் என்று தெரிந்துவிடும்: 154 சதுர மீட்டர். ஆரம் 7, 14, 21 என்று இருந்தால் முதலில் 7ஆல் வகுத்துவிடுங்கள், பெருக்கல் சிறிதாகும்.

42 செ.மீ. ஆரமுள்ள வட்டக் கம்பியைச் சதுரமாக வளைத்தால் பக்கம் எவ்வளவு? கம்பியின் நீளம் மாறாது, 264. நான்கால் வகுத்தால் 66 செ.மீ. இங்கே பரப்பளவைத் தொடவே கூடாது, அது மாறிவிடும்.

அலகை முதலிலேயே ஒன்றாக்குங்கள். 6 மீட்டருக்கு 4.5 மீட்டர் அறை, 30 செ.மீ. சதுர டைல்ஸ். 600ல் 20 டைல்ஸ், 450ல் 15 டைல்ஸ், மொத்தம் 300. ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர செ.மீ. என்று போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். சரியான மதிப்பு 10,000.

நீளம் 20 சதவீதம் கூடி, அகலம் 20 சதவீதம் குறைந்தால் பரப்பு மாறாது என்று தோன்றும். 1.2ஐ 0.8ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.96, அதாவது 4 சதவீதம் குறைகிறது.

பயிற்சிக்கு ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ‘அளவைகள்’ பாடம் நல்ல தொடக்கம். அங்கே அச்சிட்டிருக்கும் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் படித்து நீங்களே வரையுங்கள். பிறகு கையை எடுத்து ஒப்பிடுங்கள்.