மடிக்கணினியில் தேநீர் கொட்டினால்?

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் கணினி பழுதுபார்ப்பவரிடம், தேநீர் கொட்டிய மடிக்கணினியைக் காலையிலேயே யாராவது கொண்டுவந்தால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, “நனைந்த பிறகு சார்ஜரைச் செருகினீர்களா?” என்பதுதான்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தேநீரில் பாலின் உப்புகள் அயனிகளாகக் கலந்திருக்கின்றன. அது நன்றாகக் கடத்தும். கணினியை அணைத்துவிட்டாலும் மின்கலம் இணைந்திருக்கும்வரை தாய்ப்பலகையின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருக்கும். உடனே மின்னாற்பகுப்பு தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் செம்பு நேர்மின்வாய் கரைவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வினைதான். இங்கே கரைவது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள செம்புத் தடங்கள். பச்சைப் படிவு தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

எனவே முதல் வேலை மின்கலத்தைக் கழற்றுவது. பிறகு பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்ப்பார். அது ஈரத்தோடு கலந்து விரைவில் ஆவியாகிவிடும். சிலர் கணினியை அரிசிக்குள் புதைத்துவிட்டு வருவார்கள். பாவம் அரிசி! நீர் காய்ந்தாலும் உப்பும் சர்க்கரையும் பலகையிலேயே தங்கிவிடும்.

பலகை பிழைக்காவிட்டால்? சேமிப்பகம் தனியாகக் கழலுமானால் உங்கள் திட்டப்பணியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதுவும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், பலகையை உயிர்ப்பித்தே ஆகவேண்டும். நாள் முழுவதும் அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைவிட்டு நகராதது அதற்காகத்தான்.