வீட்டுக்கு முன்னால் இருபது வளைவுகள்



நம் ஏற்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ்ஸுக்குக் காத்திராமல், பைக்கை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக ஊர் வந்துவிடுகிறார்கள். பெருநாள் நேரத்தில் கேட்கவே வேண்டாம். உம்மாவைப் பார்க்கும் ஆவலில் வருகிற பிள்ளையை நாம் குறை சொல்ல முடியுமா?

ஆனால் சென்ற ஆண்டு பெருநாளுக்கு முந்தைய இரவு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் மலைப்பாதைத் தடுப்புச் சுவரில் மோதிக் கை முறிந்து கிடந்தார். "நான் தூங்கவே இல்லை, வளைவு திடீரென்று முன்னால் வந்துவிட்டது" என்றார். அவருடைய அத்தா நம்மிடம் கேட்டார்: "அவ்வளவு தூரம் நல்லா வந்த பிள்ளை, வீட்டுக்குப் பக்கத்தில் வந்து எப்படி விழுந்தான்?" அந்தக் கேள்விக்கான பதிலே இம்மாதப் பாடம்.

கணக்கைப் பார்ப்போம்

பெங்களூரிலிருந்து சேலம் சுமார் 200 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலை, பெரும்பாலும் நேர்ப்பாதை. அதற்குப் பிறகுதான் சுமார் 30 கிலோமீட்டர் மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவுகள். அதாவது, உடல் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில்தான் மிகக் கடினமான வேலை வருகிறது.

காலை 5 மணிக்குப் பஜ்ருக்கு எழுந்தவர் இரவு 9 மணிக்குக் கிளம்பினால், அடிவாரம் சேரும்போது ஏறக்குறைய 2 மணி. 21 மணி நேரமாக விழித்திருக்கிறார். 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கண்ணும் கையும் மது அருந்தியவருடையதைப் போல மந்தமாகின்றன என்று ஆய்வுகள் கூறுகின்றன. போதாக்குறைக்கு, இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை உடல் தானாகவே தூக்கத்தை நாடும்.

இந்நிலையில் இரண்டு மூன்று விநாடிகள் மூளை உறங்கிவிடும். கண் திறந்தே இருக்கலாம். தூங்கியதே அவருக்குத் தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர். அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை.

உடல் தரும் எச்சரிக்கை

களைப்பு திடீரென்று வருவதில்லை. உடல் முன்பே சொல்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

கை மரத்துப்போவது, கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதாலும் என்ஜின் அதிர்வாலும் வருகிறது. பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள். முதுகுவலிக்குக் கூன்போட்டு உட்காருவதும், தோளில் தொங்கும் பையும் காரணம். பையைப் பின்சீட்டில் கட்டிவிடுங்கள். ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தம் விழுவதால் இடுப்புக்குக் கீழே வலிக்கும். அதற்கு மருந்து இறங்கி நடப்பதுதான்.

காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாது. நீர் குறைந்தால் தலைவலியும் சோர்வும் வரும். குளிரும் அப்படித்தான். சேலத்தைவிட ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம். ஏழெட்டு டிகிரி குளிர் கூடும், மூடுபனியும் சேரும். விரல் விறைத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். ஸ்வெட்டரையும் கையுறையையும் அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். நடுமலையில் நடுங்கிய பிறகு போடுவதில் பயனில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பத்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடியுங்கள். கிருஷ்ணகிரியிலும், தொப்பூர் கணவாய்க்கு முன் தருமபுரியிலும், மலை ஏறும் முன் சேலத்திலும் கட்டாயம் நிறுத்துங்கள்.

2. வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே வண்டி எடுக்காதீர்கள்.

3. கொட்டாவி தொடர்ந்தால், கடந்து வந்த ஊர் நினைவில் இல்லை என்றால், அது கடைசி எச்சரிக்கை. டீ குடித்துவிட்டு 20 நிமிடம் உறங்குங்கள். எழும்போது டீயும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். உளூச் செய்தால் தூக்கம் கலையும் என்பார்கள். முகம் விழிக்கும், ஆனால் உறக்கக் கடன் அப்படியே இருக்கும்.

4. இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

5. பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், சட்டமும் அதுதான். பெண்கள் புர்காவையும் துப்பட்டாவையும் சக்கரத்தில் சிக்காமல் நன்றாகச் சுருட்டிக்கொள்ள வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழக எல்லைக்குள் விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். பணத்தை நினைத்துத் தாமதிக்க வேண்டாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளுக்குச் சொன்னதில் பாதியை நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். "எங்கே வர்றே? இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அரை மணிக்கு ஒருமுறை போன் செய்வது யார்? "சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருக்கிறேன்" என்பது யார்? அந்த அன்புதான் அவனைச் சேலத்தில் படுக்கவிடாமல் மலை ஏற வைக்கிறது.

பயணம் சிரமம் என்பதால்தான் நம் மார்க்கம் பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும், நோன்பைப் பிறகு வைக்கவும் சலுகை தந்திருக்கிறது. இறைவனே சலுகை தந்த பயணிக்கு நாம் ஓர் இரவு அவகாசம் தரக் கூடாதா?

எனவே இந்த வாரமே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "சனிக்கிழமை ராத்திரி தூங்கு. ஞாயிறு பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பு. லுஹருக்கு வீட்டில் இருப்பாய். சோறு ஆறினாலும் பரவாயில்லை, சூடாக்கித் தருகிறேன்."

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

செயலாளர்