பாதியில் நின்ற பாட்டு

கல்கி அவர்கள் 1954 டிசம்பர் 5 அன்று மறைந்தபோது 'அமரதாரா' தொடர்கதை முடியாமல் நின்றது. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். தந்தையின் கதையை மகள் முடித்தார் என்பது வாசகர்கள் அறிந்த செய்தி. அதில் ஒளிவு மறைவு இல்லை.

இசைக்கும் இந்நிலை வருவதுண்டு. கலைஞர் இளவயதில் மறைந்துவிட, பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. அதை என்ன செய்வது? மூன்று வழிகளைக் காண்போம்.

1. உள்ளதை உள்ளபடி வெளியிடுதல்

ஜெஃப் பக்லி என்ற அமெரிக்கப் பாடகர் தமது இரண்டாவது ஆல்பத்துக்காகச் சில பாடல்களைப் பதிவு செய்தார். அவை அவருக்கு நிறைவளிக்கவில்லை. புதிதாகப் பதிவு செய்ய எண்ணி மெம்ஃபிஸ் நகரில் தங்கி, வீட்டிலேயே மாதிரிப் பதிவுகள் செய்து வந்தார். 1997 மே 29 அன்று அவருடைய குழுவினர் அங்கு வந்து சேர இருந்தனர். அன்று மாலை ஆற்றில் இறங்கியவர் நீரில் மூழ்கி இறந்தார். வயது 30.

1998 மே மாதம் அப்பதிவுகள் இரண்டு தட்டுகளாக வெளிவந்தன. தாயார் மேரி கிபர்ட் முன்னின்று கவனித்தார். ஆல்பத்தின் பெயரிலேயே 'ஸ்கெட்சஸ்', அதாவது 'வரைவுகள்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. 'இது முடிந்த வேலை அல்ல' என்று அந்த ஒரு சொல் கேட்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஆனாலும், அவருக்கே நிறைவளிக்காத பாடல்களை வெளியிடலாமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

2. எஞ்சியதைக் கொண்டு முடித்தல்

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1980இல் தமது 40ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிய ஒரு பாட்டு ஒலிநாடாவில் இருந்தது. 1995இல் நண்பர்கள் அதை முடிக்க முயன்றனர். குரலும் பியானோவும் ஒன்றாகக் கலந்திருந்தன. இரைச்சலும் இருந்தது. முயற்சியைக் கைவிட்டனர். பின்னர் கணினி மூலம் குரலை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தது. 2001இல் மறைந்த ஜார்ஜ் ஹாரிசன் 1995இல் வாசித்த கிட்டாரும் சேர்க்கப்பட்டு, 2023 நவம்பரில் பாட்டு வெளிவந்தது. இங்கே கணினி செய்தது தூசி தட்டும் வேலையே. பாடியவர் லெனன்தான்.

3. பாடாத பாட்டைப் பாட வைத்தல்

இது நம் வீட்டுக்கு அருகில் வந்த செய்தி. இளையராஜாவின் மகள் பவதாரிணி, 'பாரதி' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றவர். 2024 ஜனவரி 25 அன்று 47ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். 'கோட்' படத்துக்காகத் தாம் அமைத்த ஒரு பாட்டு அக்காவின் குரலுக்கே உரியது என்று யுவன் சங்கர் ராஜா எண்ணினாராம். உடல் தேறியதும் பாட வைக்கலாம் என்றிருந்தவருக்குச் சற்று நேரத்திலேயே மரணச் செய்தி வந்தது. பின்பு செயற்கை நுண்ணறிவின் துணையுடன் அவர் குரல் உருவாக்கப்பட்டு, அதே ஆண்டு அப்பாட்டு வெளிவந்தது.

அதே 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தில், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் இவ்வாறே பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். மாறாக, எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அவர்களின் குரலை அனுமதியின்றி இவ்வாறு உருவாக்கியதாகக் கூறி, ஒரு தெலுங்குப் படத்தினருக்கு மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

இக்குரல் எப்படி உருவாகிறது? பொதுவாக, உயிரோடிருக்கும் ஒருவர் பாட்டைப் பாடுவார். மறைந்தவரின் பழைய பாடல்களைக் கொண்டு பழக்கப்பட்ட கணினி, அந்தக் குரலின் சாயலை மாற்றித் தரும். அதாவது மூச்சு, கமகம், சொல்லில் வரும் குழைவு எல்லாம் பாடியவருடையவை. சாயல் மட்டுமே மறைந்தவருடையது. கேட்டு மனம் ஆறுவதில் தவறில்லை. தம்பியின் ஏக்கத்தையும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 'இந்த இடத்தை மறுபடி பாடுகிறேன்' என்று சொல்லும் உரிமை பாடகருக்கு உண்டு. மறைந்தவரால் அதைச் சொல்ல இயலாது. ஆகவே குடும்பத்தாரின் இசைவும், 'இது இப்படிச் செய்யப்பட்டது' என்ற வெளிப்படையான அறிவிப்பும் கட்டாயம் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பெற்றோர்களே! ஹேடோவில் நம் வீடுகளிலும் பாட்டிமார் பாடிய தாலாட்டும் கும்மியும் பழைய கேசட்டுகளில் கிடக்கலாம். கடற்காற்றின் ஈரத்தில் ஒலிநாடா பூஞ்சை பிடிக்கும். காலம் தாழ்த்தாமல் கணினிக்கு மாற்றி வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள். பாட்டு பாதியில் நின்றால் பாதியாகவே இருக்கட்டும். மீதியைப் பேத்தி பாடினால் அவள் பெயரையும் எழுதுங்கள். உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, அவர்கள் சம்மதத்துடன் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்குச் சில வினாக்கள்

1. மேற்கண்ட மூன்று வழிகளில் கலைஞரின் பங்கு எவ்வாறு வேறுபடுகிறது?
2. 'ஸ்கெட்சஸ்' என்ற சொல் ஆல்பத்தின் பெயரில் ஏன் தேவைப்பட்டது?
3. உங்கள் பாட்டியின் குரலில் அவர் பாடாத ஒரு பாட்டை உருவாக்க ஒருவர் விரும்பினால், யாரைக் கேட்க வேண்டும்? ஏன்?