கண்மாய் பெருகும் நாட்கள்: தூண்டில் போடுவோருக்கு

தீபாவளி முடிந்துவிட்டது. பயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலைகளில் பூஜை போட்டு மறுபடி வேலை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. மேற்கு மலையில் பெய்த மழை வத்திராயிருப்புக் கண்மாய்களை முதலில் நிரப்பிவிட்டு, கலிங்கு தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கைக்கு ஓய்வும் கண்மாய்க்குத் தண்ணீரும் சேர்ந்து வருவதால், ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் எந்தக் கரையில் பார்த்தாலும் தூண்டிலோடு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை பல. செய்யவே கூடாதது ஒன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீருக்குள் வெடி போடாதீர்கள்.

வேறு ஊரில் இதைச் சொல்லத் தேவையிருக்காது. நம்மூரில் வெடி எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. தீபாவளியில் மிஞ்சிய அணுகுண்டைக் கண்மாயில் போட்டால் மீன் மிதக்கும் என்று பையன்கள் கிளம்பிவிடுகிறார்கள். சில இடங்களில் பெரியவர்களே கிளம்புகிறார்கள். வெடித்ததும் தண்ணீரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காற்றில் வெடிப்பதைவிடத் தண்ணீரில் அதிர்ச்சி அலை வேகமாகவும் வெகுதூரமும் பாய்கிறது. மீனின் வயிற்றுக்குள் மிதப்பதற்கென்று ஒரு காற்றுப்பை உண்டு. அந்த அலை பட்டதும் பை கிழிகிறது, உள்ளே ரத்தம் கட்டுகிறது. பை கிழிந்த மீன்களில் பல மிதப்பதில்லை, அடியில் போய்ச் சேற்றில் கிடந்து அழுகுகின்றன. கையில் அகப்படுவது செத்ததில் ஒரு பங்குதான். விரல் நீளக் குஞ்சுகள் கண்ணில் படாமலே போய்விடும். அடுத்த ஆண்டு அந்தக் கண்மாயில் பிடிக்க வேண்டிய மீன் அவைதான்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிப்பொருளால் மீன் பிடிப்பதை ஒரு பிரிவிலும், தண்ணீரில் நஞ்சு கலப்பதை அடுத்த பிரிவிலும் குற்றமாக்கியது. கண்மாய்க்கும் கரைக்கடலுக்கும் அது பொருந்தும். மின்கம்பியிலோ பேட்டரியிலோ கரண்ட் எடுத்துத் தண்ணீரில் விடுவதும் இதே வகைக் கேடுதான். அதில் மீனுக்கு முன்னால் மனிதன் போய்விடுவான். விரல்களை நம்பித்தான் இங்கே குடும்பங்கள் நடக்கின்றன. குழாய் உருட்டும் கை, திரி சொருகும் கை, பெட்டி ஒட்டும் கை. ஒரு கிலோ கெண்டைக்காக அந்தக் கையைப் பணயம் வைக்காதீர்கள்.

நம் சோறு வெடியில் இருக்கிறது. வெடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. நாம் தெருவில் வெடிப்போம், கண்மாயை மட்டும் விட்டுவைப்போம். இது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

அடுத்தது, எங்கே உட்காருவது. கரையில் சாம்பல் திட்டு, வெள்ளி நிறத் தூள், பாதி எரிந்த காகிதக் குழாய், மஞ்சளாக ஒட்டிய கந்தகப் பொடி கண்ணில் பட்டால் அந்த இடத்தில் பீடி பற்றவைக்காதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள், காலால் கிளறாதீர்கள். கழிவு மருந்தைக் கொட்டி எரித்த இடம் அது. நனைந்து கிடப்பதால் செத்துப்போனது என்று எண்ண வேண்டாம். அந்தத் தண்ணீரின் மீனும் வேண்டாம். சிவகாசியிலும் மதுரையிலும் எடுத்த நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை ஒன்று, பட்டாசிலும் தீப்பெட்டியிலும் சேரும் பெர்குளோரேட் என்ற உப்பு நிலத்தடி நீரில் இறங்கியிருப்பதைக் காட்டியது. சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கா குடிநீருக்கு முன்வைத்த அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. கண்மாய், ஓடை நீரில் கண்ட அளவு நிலத்தடி நீரின் உச்ச அளவைவிடக் குறைவு. அதிகபட்சம் லிட்டருக்குச் சுமார் 30 மைக்ரோகிராம். தைராய்டு சுரப்பி அயோடின் எடுப்பதைத் தடுக்கும் உப்பு இது. ஆகவே ஆலைச் சுவரை ஒட்டிய கிடங்கு, பள்ளம், வாய்க்கால் எதிலும் தூண்டில் போடாதீர்கள். நாலு கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். விருதுநகர் நகரின் சாக்கடை கௌசிகா நதி வழியாகப் போய்ச் சேரும் குல்லூர்சந்தை அணையில் பிடித்ததையும் சமைக்காமல் இருப்பது நல்லது. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து காற்றுக் குடித்தால் எந்தக் கண்மாயானாலும் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிட்டது என்று பொருள். அன்று வலையும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம்.

ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, வெம்பக்கோட்டை, இருக்கன்குடி அணைகளில் தண்ணீர் இருக்கிறது, மீனும் இருக்கிறது. ஆனைக்குட்டம் விருதுநகருக்கும் வெம்பக்கோட்டை சிவகாசிக்கும் குடிநீர் கொடுப்பவை என்பதை மறக்காமல், கரையில் சோப்பு, எண்ணெய், பாலித்தீன் எதையும் விடாமல் வாருங்கள். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு மேலே காட்டு ஓடைகளுக்குள் போகவே கூடாது. அது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் எல்லை. வனத்துறை பிடித்தால் தூண்டிலோடு போகாது. போதாததற்கு ஓடையில் திடீர் வெள்ளம். 2015 மே மாதம் சதுரகிரி அடிவாரத்தில் பக்தர்களை அடித்துச் சென்றது அப்படி வந்த தண்ணீர்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையில் கருத்திருந்தால் ஓடையை விட்டு ஏறிவிடுங்கள்.

கண்மாய் மீன் பொதுச்சொத்து என்ற நினைப்போடு போகிறவர்கள்தான் கரையில் சண்டை வாங்குகிறார்கள். பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி உரிமை ஏலம் போயிருக்கும். ஜூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கில் குத்தகை எடுத்தவர், தண்ணீர் வந்த கையோடு ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அது அவர் போட்ட முதல். மடைப்பக்கம் குடிசையில் காவலுக்கு ஆள் இருப்பார். “அண்ணாச்சி, பொழுதுபோக்குக்கு ஒரு தூண்டில் போட்டுக்கிடலாமா?” என்று கேட்டுவிடுங்கள். ஜிலேபி, கெளுத்தி, குரவை பிடித்துக்கொள்ளச் சொல்லி, வளர்ப்பு மீனை விட்டுவிடச் சொல்லுபவர்கள் நிறையப் பேர். ஒத்துக்கொண்டால் அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். சென்னையில் சேத்துப்பட்டு ஏரியில் மீன்வளத்துறை பூங்கா அமைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட இடம் ஒதுக்கியது. ஒரு பெரிய கண்மாயிலாவது நமக்கும் அப்படி ஒரு கரை வேண்டும். அதுவரை குத்தகைக்காரர் வாய்ச்சொல்தான் நமக்குச் சீட்டு.

இந்தப் பருவத்தில் நான் மிகவும் வற்புறுத்துவது விராலைப் பற்றி. புதுத்தண்ணீர் வந்து ஆம்பலும் கோரையும் மூடும் ஓரங்களில் விரால் செடியை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டை மேலே மிதக்கும், ஓரிரு நாளில் பொரிக்கும். பிறகு கரையோரத்தில் பொறுமையாக நின்றால், மிளகாய்த்தூள் கொட்டினாற்போல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செந்திட்டு தண்ணீர்மேல் நகர்வது தெரியும். அவ்வளவும் குஞ்சு. மொத்தமாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு மொத்தமாக இறங்கும். அடியில் ஓர் ஆழத்தில் தாயோ தகப்பனோ கூடவே சுற்றும். எது நெருங்கினாலும் பாய்ந்து கடிக்கும். அதனால்தான் அந்தத் திட்டுக்குள் ரப்பர் தவளையை எறிந்தால் உடனே மாட்டுகிறது. பெரிய விரால் எளிதில் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால், அரை மணிக்குள் கெண்டையும் தண்ணீர்ப் பாம்பும் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைத் தின்று முடித்துவிடும். செந்திட்டைப் பார்த்தால் கரை மாறிவிடுங்கள். தை பிறந்தபின் அதே இடத்துக்கு வாருங்கள், தவளையை அப்போது எறியுங்கள்.

கலிங்கு வழியாகத் தண்ணீர் விழும்போது எதிர்த்து ஏறும் மீனைக் கொசுவலை கட்டியும் சேலை விரித்தும் அள்ளுவதும் இப்படித்தான். அவை முட்டையோடு ஏறுபவை. ஊத்தாவும் கச்சாவும் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கிப் பிடிக்கும் மீன்பிடித் திருவிழாவுக்கு உரியவை. அப்போது மிஞ்சுவது எப்படியும் சாகப்போகிற மீன். ஐப்பசித் தண்ணீரில் அவற்றுக்கு வேலை இல்லை.

ஜிலேபியை மட்டும் தாராளமாகப் பிடியுங்கள். வெளியிலிருந்து வந்து ஆண்டு முழுக்கப் பெருகும் மீன் அது. எவ்வளவு எடுத்தாலும் கண்மாய்க்கு நல்லது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். நம் நாட்டில் வளர்க்கவே தடை உள்ள மீன், மற்ற எல்லாவற்றையும் தின்னும். வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனைக் கண்மாயில் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம். ஆமை மாட்டினால் முள்ளுக்கு அருகில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள், அது வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. முள்ளின் எண் கூடக்கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். ஜிலேபிக்கு 8 அல்லது 10 போதும். நரம்பு மெல்லியதாக இருக்கட்டும், ஆனால் சீமைக்கருவேலம் மூழ்கிக் கிடக்கும் கண்மாய்களில் மெல்லிய நரம்பு முதல் இழுப்பிலேயே அறும். அங்கே தடித்தது போடுங்கள். கலங்கல் தண்ணீரில் மீன் வாசம் பிடித்துத்தான் வரும். மண்புழு எப்போதும் நல்லது. ரோகு பிடிக்க அனுமதி இருந்தால் விருதுநகர்ச் சந்தையில் கிடைக்கும் கடலைப் புண்ணாக்கை லேசாக வறுத்துப் பொடித்து, தவிடும் கொஞ்சம் மைதாவும் சேர்த்துப் பிசையுங்கள். இரவு மழைக்குப்பின் தண்ணீர் குளிர்ந்திருக்கும். விடியுமுன் போய்க் காத்திருப்பதைவிட வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணிக்குப் போனால் நன்றாகக் கடிக்கும் என்பது என் அனுபவம். மருந்தறையில் வேலை பார்க்கிறவர்கள் நகக்கண்ணில் ஒட்டிய அலுமினியப் பொடி போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள். நம்முடையது மாதிரிக் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887இல் தனி நூல் எழுதினார். இந்தப் பொழுதுபோக்குக்கு நம் மண்ணில் அவ்வளவு வயது.

அறுந்த நரம்பைக் கரையில் விடாதீர்கள். இன்னும் சில வாரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கண்மாய்களில் இறங்கும். காலில் நைலான் சுற்றிய பறவை அதைத் தானாகக் கழற்றிக்கொள்ள முடியாது. சட்டைப்பையில் சுருட்டி வைத்து வீட்டுக் குப்பையில் போடுங்கள்.

இனி உயிரைப் பற்றி. கண்மாய்த் தரை முன்போல் சரிவாக இல்லை. 2017இலிருந்து வண்டல் மண்ணையும் கரம்பையையும் இலவசமாக எடுக்க அனுமதி கிடைத்தபின், பல கண்மாய்களில் இயந்திரம் தோண்டிய பள்ளங்கள் செங்குத்தாக நிற்கின்றன. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆள் முழுக ஆழத்துக்குள் போய்விடுவார். நீந்தத் தெரிந்தவரையும் சேறு பிடித்துக்கொள்ளும். போன கோடையில் எங்கே தோண்டினார்கள் என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள். சிக்கிய முள்ளை எடுக்கத் தண்ணீரில் இறங்காதீர்கள், ஒரு முள்ளின் விலை பத்து ரூபாய்கூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். காலி எண்ணெய்க் கேன் ஒன்றை மூடி இறுக்கி, நீளக் கயிறு கட்டிக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது தவறி விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல் அதை எறிந்து இழுங்கள், பிறகு 108. இடி முழங்கினால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கரையைவிட்டு இறங்குங்கள். கார்பன் தூண்டில் மின்சாரம் கடத்தும், தனிப்பனை அதைவிட மோசம். கரையில் நடக்கும்போது காலணி போடுங்கள், புற்றும் வளையும் நனைந்து பாம்பெல்லாம் மேட்டுக்கு வந்திருக்கும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் சில சொற்கள். 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டமாக இருந்தபோது நமக்கும் கடற்கரை இருந்தது. இப்போது சாத்தூர் வழியாக ஓடும் வைப்பாற்றின் கூடவே போனால் தூத்துக்குடி மாவட்டத்தில் கீழவைப்பார், சிப்பிகுளம் பக்கம் கடல் வரும். அந்த ஆற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்ததை நினைத்தால், இந்தப் போக்குவரத்து பழையதுதான். வாடை வீசும் இந்த மாதங்களில் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. புயல் கூண்டு ஏறியிருந்தால் பாறைமேல் நின்று போடுவதும் வேண்டாம். வெள்ளம் இறங்கிக் கலங்கல் தெளியத் தொடங்கும்போது முகத்துவாரத்தில் கொடுவாயும் மடவையும் கிடைக்கும், மணற்கரையில் கிழங்கான். பேத்தை மாட்டினால் சமைக்காதீர்கள், அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. கடல் அட்டை, கடல்குதிரை எதையும் எடுக்காதீர்கள்.

வேம்பாரிலும் தூத்துக்குடியிலும் படகுக்காரர் யாராவது தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் உள்ளவை அந்த 21 தீவுகளும். வேம்பாருக்கு எதிரே உள்ள நல்லதண்ணித் தீவும் உப்புத்தண்ணித் தீவும் அதில் அடக்கம். கரையில் நின்று போடும் ஒற்றைத் தூண்டிலுக்குத்தான் உங்களுக்கு இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போதும் அது பொருந்தும்.